தட்டில் இரண்டு கண்கள்

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒஸ்வால்டின் வார்ப்புப் பட்டறை இருந்தது. முருகனோ மாதாவோ, குத்துவிளக்கோ கோயில் மணியோ, அங்கே வார்க்கப்பட்ட எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் வட்டத்துக்குள் ஒஸ்வால்டின் முத்திரை தெரியும். செய்த கை யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆகஸ்டில்தான் முதன்முதலாக ஒருவர் கேட்டு வந்தார். அவரும் தப்பாகத்தான் கேட்டார்.

"உங்கட சிற்பி ஐயா எங்கை? அவரோட நேரா கதைக்க வேணும்."

கேட்டவர் நிக்கலஸ். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு புனித லூசியாள் ஆலயத்தின் சபைத் தலைவர். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட், பையில் இரண்டு பேனை. ஒஸ்வால்ட் முகவாயால் மூலையைக் காட்டினார். அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்து, மெழுகில் ஒரு மயிலுக்குத் தோகை கீறிக்கொண்டிருந்தாள் மயிலம்மா.

"இவவோ?"

"ஏன் மிஸ்டர் நிக்கலஸ், பொம்பிளை கை பட்டா மெழுகு கோவிச்சுக்குமா?" என்று சிரித்தார் ஒஸ்வால்ட். "எங்க ஷொப்ல உருவம் எல்லாம் மயிலுதான். நாங்க ஊத்துறது மட்டும்தான்."

நிக்கலஸ் வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். மயிலம்மாவுக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"வலது கண்ணு கண்ணாடிக் கண்ணுங்களா ஐயா?"

ஒஸ்வால்டின் சிரிப்பு நின்றுபோயிற்று. நிக்கலஸ் கண்ணாடியை மாட்டப் போன கையை அப்படியே வைத்திருந்தார்.

"ஓம். தொண்ணூற்றாறில, கோட்டையில குண்டு வெடிச்ச அண்டைக்கு. நான் வேலை செய்த கந்தோரின்ர யன்னல் முழுக்க என்ர மேசையில வந்து விழுந்தது."

"கண்ணைச் செஞ்சவன் அவசரக்காரனுங்க. கண்ணுப் பாப்பாவை மூக்குப் பக்கமா ஒரு நெல்லு அளவுக்குத் தள்ளி வச்சிட்டான். அதான் உங்ககிட்ட பேசுறவங்களுக்கு எந்தக் கண்ணைப் பாத்துப் பேசுறதுன்னு தடுமாறுது."

இரண்டரை வருடமாக அந்தக் கண்ணைப் பற்றி அவரிடம் எவரும் வாய் திறந்ததில்லை. எல்லோரும் அவருடைய காதைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தார்கள். நிக்கலஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்த விஷயத்துக்குப் போனார்.

ஆலயத்தில் இருந்தது சாந்துச் சிலை. ஒவ்வொரு ரயிலுக்கும் சுவர் அதிரும். சிலை கடகடவென்று ஆடும். உப்புக் காற்று வேறு. ஜூன் மாதத்தில் ஒருநாள் மாத்தறை ரயில் போனபோது சிலையின் கை தட்டோடு கழன்று விழுந்து பொடியாகிவிட்டது. இனி உடையாத ஒன்று வேண்டும். டிசம்பர் பதின்மூன்று திருநாள். அதற்குள் வேண்டும். அவர் ஒரு பழைய புகைப்படத்தை நீட்டினார். பூஞ்சணம் பிடித்த படத்தில் ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் இரண்டு உருண்டைகள்.

"பழமாங்க?"

"கண். லூசியாள் கண் வருத்தக்காரருக்குத் துணை. விசுவாசத்தை விடமாட்டன் எண்டு நிண்டதுக்காக அவவின்ர கண்ணைத் தோண்டினவங்கள். பிறகு..."

"போதுங்கய்யா, வெளங்கிருச்சு," என்றாள் மயிலம்மா. அவள் கை அதற்குள் மயிலை ஓரம் வைத்துவிட்டுப் புது மெழுகை உருட்டத் தொடங்கியிருந்தது. "வெண்கலத்துல செய்யலாம். ஒண்ணே முக்கால் அடி, உள்ளே பொள்ளல் இல்லாம. உங்க ரயிலு எவ்வளவு ஆட்டுனாலும் ஆடமாட்டா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். என் பேரு அதுல இருக்கணும்."

நிக்கலஸ் ஒஸ்வால்டைப் பார்த்தார். ஒஸ்வால்ட் கூரையைப் பார்த்தார்.

"புனிதையின்ர சிலையில மனுசற்ற பேரோ?"

"உங்க கோயில்ல பெஞ்சுல பேரு இல்லீங்களா? ஃபேன்ல இல்லீங்களா? எங்க கோயில்ல டியூப் லைட்டுல பேரு எழுதி வெளிச்சமே கீழ வர்றதில்லை. வாங்கிக் குடுத்தவங்க பேரெல்லாம் இருக்கலாம், செஞ்சவ பேரு மட்டும் ஆகாதுங்களா?"

நிக்கலஸ் சிரிக்கவில்லை. மறுக்கவுமில்லை. பையிலிருந்த பேனைகளை நேராக்கிவிட்டு, "சிலை சரியா வரட்டும். சபைக்குப் பிடிச்சால் பேரைப் போடலாம். பிடிக்காட்டித் திரும்பி வரும்," என்றார்.

"திரும்பி வந்தா உருக்கிருவேன் மயிலு," என்றார் ஒஸ்வால்ட், அவர் போன பிறகு. "வெண்கலத்தை அலுமாரியில வச்சு அழகு பாக்க ஏலாது."

"வராது மொதலாளி."

மயிலம்மா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில். பதின்மூன்று வயதில் வெள்ளவத்தைக்கு, ஜெகதீஸ்வரி என்ற ஆசிரியை வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். அந்த வீட்டுச் சாமியறையில் பதினொரு பித்தளை விக்கிரகங்கள். வெள்ளிதோறும் புளியும் சாம்பலும் போட்டு அவற்றைத் துலக்குவது அவள் வேலை. எட்டு வருடம் துலக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விக்கிரகத்தின் முழங்காலை மட்டும் தடவி, இது இலட்சுமி, இது சரஸ்வதி என்று சொல்லுவாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் ஜெகதீஸ்வரி அவளைக் கூப்பிட்டு இந்த வித்தையைச் செய்து காட்டச் சொல்வார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. குடும்பம் முகாமுக்கும், பிறகு கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும் போயிற்று. மூன்றாம் வாரம் மயிலம்மா தனியாகத் திரும்பி வந்து சாம்பலைக் கிளறினாள். பதினொன்றில் ஒன்பது அகப்பட்டன. பிள்ளையார் ஒரு பக்கம் உருகிக் குத்துவிளக்கின் தண்டோடு ஒட்டிப்போயிருந்தார். அவரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு, பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த ஒஸ்வால்டின் பட்டறையை விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள்.

"பிரிச்சா ரெண்டும் வீணாகும் தங்கச்சி. உருக்கி வேற செய்யலாம்," என்றார் ஒஸ்வால்ட்.

"அப்ப செய்யுங்க. தும்பிக்கை எங்க வளையும்னு நான் சொல்றேன்."

விளையாட்டாக அவர் ஒரு கட்டி மெழுகை அவள் கையில் கொடுத்தார். பின்னேரம் பட்டறை மூடுமுன் பிள்ளையார் மெழுகில் உட்கார்ந்திருந்தார், வயிற்றில் பாம்புக் கச்சை உட்பட. மறுநாள் காலை அவள் ஒருவரையும் கேட்காமல் வந்து அதே இடத்தில் சாக்கை விரித்தாள். யாரும் போகச் சொல்லவில்லை.

யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. மெழுகின் மேல் மண் பூசி, காயவிட்டு, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் தொழில். முதல் வருடத்தில் அவள் பூசிய அச்சுகளில் ஏழு வெடித்தன. ஈரம் போகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் வார்ப்புக்காரர்கள் திட்டினார்கள். எட்டாவது அச்சைக் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்து, காய்ந்த சத்தம் கேட்ட பிறகே கொடுத்தாள். அதன் பிறகு அவளுடைய அச்சு வெடித்ததில்லை. இடையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் காளியப்பனைக் கட்டினாள்; இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். ராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் அடையாள அட்டையைப் பிடித்தபடி மைதானத்தில் வரிசையில் நிற்கும்போதும் அவள் மற்றக் கை சும்மா இருக்காது. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் மெழுகை உருட்டிக்கொண்டே இருக்கும்.

அவள் செய்த உற்சவ மூர்த்திகள் கொழும்பில் நான்கைந்து கோயில்களில் இருந்தன. அவற்றுக்கெல்லாம் கண் திறந்தவளும் அவள்தான். முகத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் வெட்டாமல் அனுப்புவாள். சிலை நிற்கவேண்டிய இடத்தில் நின்ற பிறகு, தங்கம் தொட்டு, கண்ணாடி பிடித்து, உளியால் திறப்பாள். வழியிலே, சந்தியிலே, சாக்குக்குள்ளே ஒரு சாமி கண்ணை முழித்துக்கொண்டு போகக்கூடாது. இது அவளுக்கு யாரும் விளக்கவேண்டிய விஷயமாகவோ, அவள் யாருக்கும் விளக்கவேண்டிய விஷயமாகவோ ஒருபோதும் தோன்றியதில்லை.

லூசியாளை அவள் மூன்று தடவை மெழுகில் செய்து மூன்று தடவையும் பிசைந்துவிட்டாள். புகைப்படத்துப் பெண் மரக்கட்டை போல நேராக நின்றாள். தட்டையும் தேநீர் கொண்டுவருகிறவள் மாதிரிப் பிடித்திருந்தாள். நாலாவது தடவை மயிலம்மா படத்தை மடித்து வைத்துவிட்டு, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மாவிளக்குத் தட்டு ஏந்தி வரும் பெண்களை நினைத்துக்கொண்டாள். காற்றுக்கு அணையாமல் தட்டை நெஞ்சோடு அணைத்து, ஒரு இடுப்பில் பாரம் கொடுத்து, கூட்டத்துக்குள் வழி கேட்டபடி நடப்பார்கள். அந்த நடையைக் கொடுத்ததும் மெழுகு நின்றுவிட்டது. சீலை மடிப்பு லூசியாளுடையது; நிற்கும் விதம் மாவிளக்குக்காரியுடையது.

தட்டில் இருந்த இரண்டு கண்களையும் மெழுகிலேயே பாவை, இமை மயிர் எல்லாம் வைத்து முடித்தாள். அவை பிடுங்கிய கண்கள், பார்க்கப் போவதில்லை. முகத்தில் பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சின்ன மேடுகளை மட்டும் வழுவழுப்பாக விட்டாள்.

மண் பூசுவதற்கு முதல்நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சிலையைத் திருப்பி வைத்தாள். பீடத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேரைப் போடலாம் என்று இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் வெண்கலம் ஆறிய பிறகு உளியால் வெட்டும் எழுத்து நகம் கீறியது போலத்தான் வரும். மெழுகில் எழுப்பி வார்த்த எழுத்துத்தான் கைக்குத் தட்டுப்படும். அவள் மெல்லிய மெழுகு நூல்களைத் திரித்து ஒவ்வொன்றாக ஒட்டினாள். ம, யி, ல, ம், மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். 'யி'யின் சுழிக்கு மட்டும் இரண்டு தடவை நூலைக் கழற்றி ஒட்டவேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்து மண்ணை உடைத்தபோது ஒஸ்வால்ட் அதைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த வார்ப்பைச் சுற்றி வந்து, குனிந்து, விரலால் தடவினார்.

"யாரைக் கேட்டு வச்ச?"

"சரியா வந்தா போடலாம்னு அவரு சொன்னாருல்ல மொதலாளி."

"வந்தா தானே மயிலு! வராட்டி? உன் பேரோட சேத்து மூசையில போட்டு உருக்கிருவேன், தெரியும்தானே?"

"தெரியுங்க," என்று அவள் அரத்தை எடுத்தாள்.

திருநாளுக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, சிலையை வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு த்ரீவீலில் ஏற்றினார்கள். முப்பது கிலோவுக்கு மேல் கனம். மயிலம்மா அதை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒஸ்வால்ட். காலி வீதியில் பம்பலப்பிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ராணுவச் சென்றியில் மறித்தார்கள். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்த சிப்பாய்க்கு மீசை இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. ட்ரைவருடையதோடு மூன்று அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தான். பிறகு துணியைக் காட்டினான்.

"மொனவத மே?"

என்ன இது என்று கேட்டவனிடம், சாமிச் சிலை மஹத்தயா என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவிழ்க்கச் சொன்னான். தட்டில் இருந்த கண்கள்தான் முதலில் வெளியே வந்தன. அவன் ஒரு அடி பின்னால் போனான். ஒஸ்வால்ட் அவசர அவசரமாகப் புனிதையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். சிப்பாய் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் குனிந்து சிலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஸ் தாம தியலா நே நேத?"

கண் இன்னும் வைக்கவில்லைத்தானே என்றுதான் கேட்டான். மயிலம்மாவின் முகம் மலர்ந்தது. இல்லை, போன இடத்தில்தான் திறப்பேன் என்றாள். அவன் துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு, அநுராதபுரப் பக்கத்தில் தன் ஊர் விகாரையில் புத்தர் சிலைக்குக் கண் வைத்த கதையைச் சொன்னான். கண் எழுதியவர் சிலையின் முகத்தை நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே எழுதினாராம். முடிந்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப் போனார்களாம். சொல்லிக்கொண்டே அவனே துணியை எடுத்துச் சிலையின் முகத்தை மூடினான். "மூண வஹகென யன்ன," என்றான். முகத்தை மூடிக்கொண்டே போங்கள்.

"பாத்தீங்களா மொதலாளி," என்றாள் மயிலம்மா, த்ரீவீல் புறப்பட்டதும். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்."

ஒஸ்வால்ட் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "மயிலு, நிக்கலஸ்கிட்ட இதைச் சொன்னியா?"

"எதை?"

"கண்ணை அங்கதான் வெட்டுவேன்னு?"

"அது என்னாத்துக்குச் சொல்லணும்?" என்றாள். வெள்ளவத்தைச் சந்தை தாண்டும் வரை சிலையின் முகத்துத் துணியைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

ஆலயத்தில் கடதாசிப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். மறைக்கல்வி படிப்பிக்கும் றமீலா ஏணியில் நின்றாள். ஐந்தாறு பெண்கள் நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிலையைத் தூக்கிச் சுவர் மாடத்தில் வைத்தார்கள். நிக்கலஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சபைத் தலைவருக்குரிய தோரணையோடு வந்து துணியை விலக்கினார்.

வெண்கலம் சுவரின் வெண்மையில் தேன் நிறமாக நின்றது. "ஆ" என்றது யாரோ ஒரு பெண்ணின் குரல். தட்டையும் கையையும் இடுப்பின் வளைவையும் பார்த்துக்கொண்டு மேலே போன நிக்கலஸின் பார்வை முகத்தில் போய் நின்றது.

"இதென்ன?"

அவர் ஒரு அடி கிட்டப் போனார்.

"கண் எங்கை? முகத்தில கண் எங்கை?" அவர் மயிலம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அண்டைக்கு என்ர கண்ணைப் பாத்து நொட்டை சொன்னாய். பொறுத்துக் கொண்டனான். இண்டைக்குக் குருட்டுச் சிலை கொண்டு வந்து வைச்சு எனக்குப் பகிடி காட்டுறியோ?"

"ஐயோ, அப்படி இல்லீங்கய்யா!"

"எடுங்கோ இதை. ஒஸ்வால்ட், எடுத்துக்கொண்டு போங்கோ. நாளைக்குக் காலமை ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கிறதுக்கு வெறும் மாடம் இருந்தாலும் பறுவாயில்லை."

ஒஸ்வால்ட் மன்னிப்புக் கேட்டார். பட்டறைக்குக் கொண்டுபோய்க் கண்ணை வெட்டி இன்று பின்னேரத்துக்குள் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொன்னார். நிக்கலஸ் கேட்கவில்லை. எடுத்தால் திரும்பி வராது என்பது மயிலம்மாவுக்குத் தெரிந்தது. எடுத்த சிலை மூசைக்குத்தான் போகும், பின்னால் இருக்கும் ஐந்து எழுத்தோடு. அவள் மாடத்துக்கும் நிக்கலஸுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"தப்பு என் மேலதாங்க," என்றாள். "சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். எங்க வழக்கத்துல சாமி நிக்கிற இடத்துலதான் கண்ணைத் திறப்போம். இது உலகத்துக்கே தெரியும்னு நெனச்சிட்டேன். வர்ற வழியில ஒரு ஆர்மிக்காரப் பையன் வேற தெரியும்னு சொல்லிட்டான். உங்களைக் கேலி பண்ண எனக்கு என்னங்க பைத்தியமா? உங்க கண்ணைப் பத்திச் சொன்னது, செஞ்சவன் மேல வந்த கோவத்துல. நீங்க வேலை குடுத்தவரு. உங்களுக்கு அரைகுறையா ஒரு வேலையைத் தருவேனா? சாமான் எல்லாம் பையில இருக்கு. இப்பவே வெட்டுறேன்."

"இஞ்சை மந்திரம் கிந்திரம் ஒண்டும் சரிவராது."

"மந்திரம் எனக்குத் தெரியாதுங்க. உளியும் சுத்தியலும்தான் தெரியும்."

"இது கத்தோலிக்க ஆலயம். உங்கட சடங்கை இஞ்சை நடத்த விட்டால் நாளைக்கு ஃபாதருக்கு நான் என்ன சொல்லுறது?"

ஏணியில் இருந்த றமீலா இறங்கி வந்தாள். கையில் பாதி கட்டிய பூ.

"அங்கிள், நான் ஒண்டு கேக்கட்டா? கண்ணைத் தோண்டினாப் பிறகு லூசியாளுக்கு என்ன நடந்தது?"

"கடவுள் புதுக் கண் குடுத்தவர். உனக்குத் தெரியாதோ? பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறாய்?"

"அதைத்தானே படிப்பிக்கிறன். தட்டில கண் முதல் வந்தது. முகத்தில கண் பிறகுதான் வந்தது. அப்ப இதுவும் பிறகு வரட்டுமே. கதைப்படிதானே நடக்குது? சடங்கு எண்டு ஏன் சொல்லுறியள்?"

நிலம் கழுவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மயிலம்மா றமீலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகஸ்ட் மாதத்தில் "போதுங்கய்யா" என்று தான் நிறுத்திய கதையின் மறுபாதியை அவள் இப்போதுதான் கேட்டாள்.

"புதுக் கண்ணு குடுத்தாரா?" என்றாள். "அதை அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்."

"நீ கேக்க விட்டால்தானே!" என்றார் நிக்கலஸ்.

அந்த நேரம் சுவர் அதிரத் தொடங்கியது. கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து வந்த ரயில் ஆலயத்தின் பின்புறமாகத் தடதடத்துப் போயிற்று. யன்னல்கள் கிலுகிலுத்தன, மெழுகுவர்த்தித் தண்டுகள் ஒன்றோடொன்று முட்டின. எல்லோருடைய கையும் பழக்கத்தில் மாடத்தை நோக்கி நீண்டது. லூசியாள் அசையவில்லை.

நிக்கலஸ் சிலையை மறுபடி ஒரு முறை கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம். ஆனா ரயிலு வந்தா வெட்ட முடியாதுங்க. மாடம் ஆடுனா உளி வழுக்கிரும். வழுக்குனா அவ்வளவுதான், திருத்த முடியாது."

"ரயிலை என்னட்டை விடு. முப்பத்தொரு வருசம் இந்த ரயிலில கோட்டைக்குப் போய் வந்தனான். இப்ப போனது பாணந்துறை. அடுத்தது மறுபக்கம் போறது, பதினைஞ்சு நிமிசம் இருக்கு. தொடங்கு."

மயிலம்மா பெஞ்சில் ஏறினாள். காதிலிருந்த தோடுகளில் ஒன்றைக் கழற்றி, அதன் தங்கக் கம்பியால் வலது கண் மேட்டில் ஒரு வரி இழுத்தாள். வெண்கலத்தில் மயிரிழைக் கோடு. அவள் கேட்டபடி றமீலா பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி வந்தாள். மயிலம்மா உளியை வைத்தாள். சுத்தியல் சின்னது, தேங்காய்ச் சிரட்டையை விரலால் தட்டுவது போன்ற சத்தம்தான் வந்தது. மேல் இமை, கீழ் இமை, பாவையின் வட்டம். ஒவ்வொரு சீவலும் பொன் துகளாக அவள் மணிக்கட்டில் விழுந்தது. பூக் கட்டுவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

"நிப்பாட்டு," என்றார் நிக்கலஸ். "வருது."

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உளியை எடுத்த பிறகுதான் தண்டவாளம் இரையத் தொடங்கியது. ரயில் போகும் வரை சிலையின் தோளில் கையை வைத்தபடி நின்றாள்.

"ரெண்டாவது கண்ணு முடியறப்பதான் முதல் பார்வை வரும்," என்றாள் இறங்காமலே. "எதிர்ல யாரும் நிக்கக்கூடாதுங்க, எல்லாரும் பக்கமா விலகிக்குங்க. அது பலமான பார்வை. கண்ணாடிலதான் விழணும். கண்ணாடியைக் கொண்டாங்க."

பெண்கள் தூண்களின் ஓரமாக ஒதுங்கினார்கள். ஒஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். றமீலா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தாள். நிக்கலஸ் மட்டும் நகரவில்லை.

"ஐயா, நீங்களும்தான்."

"எத்தினை பேர் கண்ணுக்காக இவவின்ர முன்னால முழங்காலில நிண்டவை தெரியுமோ? நானும் நிண்டனான். இவ பாக்கிறதுக்குத்தானே வாறனாங்கள். பக்கத்தில ஒளிச்சு நிக்க வாறேல்லை." அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் பையில், பேனைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "றமீலா, அந்த முகம் பாக்கிற கண்ணாடியை அங்கால கொண்டு போ. அளுத்கமை ரயில் வர இருபது நிமிசம் இருக்கு. நீ வெட்டு பிள்ளை."

மயிலம்மா ஒரு கணம் தயங்கினாள். அவள் இதுவரை திறந்த கண்களில் எதுவும் முதலில் மனிதரைப் பார்த்ததில்லை. ஆனால் நிற்பவர் சொல்வதில் அவளுக்குப் பிழை தெரியவில்லை. திரும்பி உளியை வைத்தாள். அவள் அவசரப்படவில்லை. கடைசியாகப் பாவையை வெட்டும்போது, ஒரு முறை தோளுக்கு மேலால் திரும்பி, நிக்கலஸின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மூன்று தட்டு. வாயால் ஊதித் துகளை நீக்கிவிட்டு, பெஞ்சிலிருந்து பக்கவாட்டாக இறங்கினாள்.

லூசியாள் நிக்கலஸைப் பார்த்தாள்.

அவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது, அதைத் துடைக்கவுமில்லை. பிறகு இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்து பார்த்தார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். கண்ணாடிக் கண்காரர் ஒருவர் பாவையின் இடத்தை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

"நீ அவசரக்காரி இல்லை," என்றார்.

"இல்லீங்க."

"பேரை எங்கை போடுறது எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறியோ?"

வாசலில் ஒஸ்வால்ட் இருமினார். மயிலம்மா உளியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டே, "பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கய்யா," என்றாள்.

நிக்கலஸ் மாடத்துக்குள் கையை விட்டார். சிலைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கமாக வைத்திருந்தார்கள். ஒஸ்வால்டும் அவருமாகச் சிலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்கள். அவர் விரல் பீடத்தின் பின்னால் ஒவ்வொரு எழுத்தாகப் போய் வந்தது. கடைசி எழுத்தில் நின்றது.

"நான் சொல்ல முந்தியே வைச்சிட்டாய்."

"மெழுகுலயே வச்சாத்தாங்க எழுத்து நிக்கும்."

"சபைக்குப் பிடிக்காமல் போயிருந்தால்?"

"பிடிக்கும்னு தெரியுங்க."

றமீலா சிரித்துவிட்டாள். இந்தத் தடவை நிக்கலஸும் சிரித்தார். ஒஸ்வால்ட் ஓடி வந்து சிலையைப் பழையபடி சுவரோடு தள்ளப் போனார்.

"விடுங்கோ," என்று நிக்கலஸ் அவர் கையைப் பிடித்தார். "ஒட்ட வைக்க வேண்டாம். ஒரு கை போய் வர இடம் இருக்கட்டும்."

அப்போது அளுத்கமை ரயில் வந்தது. நேரத்துக்குத்தான் வந்தது. சுவர் அதிர்ந்து, யன்னல்கள் கிலுகிலுத்து, ஏணியில் தொங்கிய கடதாசிப் பூக்கள் எல்லாம் ஆடி அடங்கின. மயிலம்மா தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு மாடத்தைப் பார்த்தாள். சொன்னபடியே லூசியாள் ஆடவில்லை.